வெள்ளைப் பனியில் நீல நிழல்

குச்சிகளைப் பின்னிக் கட்டிய ஒரு வேலி. அதன் இடது ஓரத்தில் ஏணி மாதிரி ஒரு படல். படலின் மேல்கட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை. வேலிக்கு அந்தப் பக்கம் மரங்களும், கூரையில் பனியைச் சுமந்து நிற்கும் ஒரு வீடும். இந்தப் பக்கம் ஆளரவமே இல்லாத பனித்தரை. பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த ஓவியம் இது. பிரெஞ்சில் 'லா பீ' என்பார்கள். அந்தப் பறவையின் பெயர்தான் அது. ஆங்கிலம் வழியாக நமக்கு மேக்பை. காக்கைக் குடும்பத்துப் பறவை, நம்மூர் வால்காக்கைக்குத் தூரத்து உறவு.

இம்ப்ரெஷனிசம் என்பது கண்ணில் பட்ட வெளிச்சத்தை அப்படியே பிடிக்க முயன்ற 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியப் போக்கு. அது என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான். மோனேயின் புகழ்பெற்ற அல்லிக்குளத்தையோ சூரியோதயத்தையோ காட்டுவதைவிட இதில் விஷயம் சட்டென்று பிடிபடும். ஏனென்றால் இதில் கதை இல்லை, மனிதர் இல்லை, கண்ணைப் பறிக்கும் பூ இல்லை. வெளிச்சம் மட்டும் இருக்கிறது. அந்த வெளிச்சத்தை மோனே எப்படிப் பிடித்தார் என்பது புரிந்துவிட்டால், அப்புறம் மற்ற இம்ப்ரெஷனிச ஓவியங்கள் தாமாகவே திறந்துகொள்ளும்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்குவது, புல் நுனியில் முத்தாக நிற்பது. இங்கே பேசப்போவது வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து தரையில் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும் வெண்பனியை. பார்க்காதவர்களுக்கும் அதைப் பற்றி ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும்: அது வெள்ளை. அந்த நிச்சயத்தைத்தான் இந்த ஓவியம் அசைத்துப் பார்க்கிறது.

படத்தைப் போனில் பெரிதாகத் திறந்துகொள்ளுங்கள். வேலிக்குக் கீழே, நம் பக்கமாக விழுந்திருக்கும் நிழலைப் பாருங்கள். ஒரு தாளை எடுத்து நடுவில் பென்சில் முனையால் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டை நிழலின் மேல் வருமாறு திரையில் வையுங்கள். சுற்றியிருப்பதெல்லாம் மறைந்து, அந்தத் துளி மட்டும் தெரியும். அது என்ன நிறம்? நீலம். சில இடங்களில் லேசாக ஊதா கலந்த நீலம். தாளை அப்படியே நகர்த்தி வெயில் விழுந்த பகுதிக்குக் கொண்டுபோங்கள். இங்கே மஞ்சள் தோய்ந்த வெண்மை, இன்னோர் இடத்தில் ரோஜா நிறச் சாயல். நாம் 'வெள்ளை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட தரையில், கலப்பில்லாத வெள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் தாளை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், கண் கூசுகிற வெள்ளைப் பனி மறுபடியும் வந்துவிடுகிறது. இந்த ஓவியத்தின் அதிசயம் எனக்கு இதுதான். எத்தனை முறை செய்து பார்த்தாலும் அலுக்கவில்லை.

நிழல் ஏன் நீலமாக இருக்க வேண்டும்? மோனே அழகுக்காகச் சேர்த்த நிறமா? இல்லை, அது உண்மையிலேயே அங்கே இருக்கிற நிறம்.

பனித்துகள் ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற பனிக்கட்டிதான். தனியாக எடுத்தால் அதற்கு நிறம் கிடையாது. சர்க்கரையைப் பாருங்கள், ஒரு பரல் பளிங்கு மாதிரி இருக்கும், ஒரு கிண்ணம் நிறைய இருந்தால் வெள்ளையாகத் தெரியும். வெளிச்சம் உள்ளே போய், எண்ணற்ற சின்னச் சின்ன முகங்களில் பட்டுத் தெறித்து, எல்லா நிறங்களும் ஏறக்குறைய சம அளவில் வெளியே வந்துவிடுகின்றன. அதனால் வெள்ளை. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். அதாவது தனக்கென்று நிறம் வைத்துக்கொள்ளாமல், தன்மேல் எந்த நிற வெளிச்சம் விழுகிறதோ அதையே நமக்குக் காட்டும்.

இனி அந்தத் தோட்டத்தில் என்ன வெளிச்சம் விழுகிறது என்று பார்ப்போம். குளிர்காலச் சூரியன் வடக்கு ஐரோப்பாவில் தலைக்கு மேலே ஏறுவதே இல்லை, பகலெல்லாம் தாழ்வாகவே நகரும். அதன் ஒளி காற்றில் அதிக தூரம் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிப்போய்விட, வந்து சேருவதில் மஞ்சள் தூக்கலாக இருக்கிறது. வெயில் படும் பனி அதனால் மஞ்சள் பூசிக்கொள்கிறது. வேலி சூரியனை மறைத்த இடத்திலும் இருட்டு இல்லை. மேலே வானம் முழுவதும் திறந்து கிடக்கிறதே! அந்த வானத்தின் நீல வெளிச்சம் அங்கே இறங்குகிறது. பனி அதையும் அப்படியே திருப்பித் தருகிறது. நிழல் என்று நாம் சொல்வது வெயில் இல்லாத இடத்தைத்தான், வெளிச்சமே இல்லாத இடத்தை அல்ல. அங்கே வானம் விளக்காக இருக்கிறது.

அப்படியானால் பனிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் ஏன் அதைக் காணவில்லை? பார்த்தார்கள், ஆனால் மூளை அந்த நிறத்தைக் கழித்துவிட்டது. மஞ்சள் குண்டு பல்பின் கீழே படித்தாலும் காகிதம் நமக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. வெள்ளை என்று தெரிந்த பொருளை எந்த வெளிச்சத்திலும் வெள்ளையாகவே காட்டுவது மூளையின் வேலை. அன்றாட வாழ்க்கைக்கு அது பெரிய உதவி. ஓவியருக்கோ அதுதான் முதல் தடை. தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணில் வந்து விழுவதை மட்டும் எடுத்துக்கொள்ள நீண்ட பழக்கம் வேண்டும். தூரிகை பிடிக்கத் தெரிவதைவிட இது கடினம் என்றுதான் நினைக்கிறேன். கேமராவுக்கு நம் மூளையின் பிடிவாதம் கிடையாது, அதனால் பனிப்பிரதேசத்துக்குப் போய் வந்தவர்கள் எடுத்த படங்களில் நிழல் நீலமாக விழுந்திருப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். பனிக்காக எங்கும் போக வேண்டியதில்லை. மாலை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியின் மடிப்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். மேடுகளில் மஞ்சள், பள்ளங்களில் நீலம் மெதுவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். மிஷெல் ஷெவ்ரோல் பாரீஸின் கோப்லன் திரைச்சீலை ஆலையில் சாயப்பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். சில நூல்களின் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நூலின் நிறம்தான் அதை மங்கச் செய்தது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றிக்காட்டும் என்பதை ஆராய்ந்து 1839-ல் புத்தகமாக வெளியிட்டார். மஞ்சளின் பக்கத்தில் வைத்தால் சாம்பல் நிறம்கூட ஊதாவின் பக்கம் சாயும். பனிநிழல் ஊதாவாகத் தெரிவதில் வானத்துக்கு ஒரு பங்கு, பக்கத்து மஞ்சள் வெயிலுக்கு ஒரு பங்கு. மோனே இதையெல்லாம் படித்துவிட்டு வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. அவர் கண்ணால் கண்டுகொண்டதும் ஷெவ்ரோல் ஆலையில் கண்டுபிடித்ததும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

அதுவரை நிழலை எப்படித் தீட்டினார்கள்? பெரும்பாலும் பழுப்பும் கறுப்பும். கேன்வாஸில் முதலில் கருமையான அடிப்பூச்சு, அதன்மேல் படிப்படியாக வெளிச்சத்தை ஏற்றுவது, கடைசியில் தூரிகைத் தடமே தெரியாமல் வழவழப்பாக முடிப்பது. வெளியே போய்க் குறிப்புகள் எடுத்துவந்து, உள்ளே ஸ்டூடியோவின் சீரான வெளிச்சத்தில் படத்தை முடிப்பார்கள். அந்த வழியில் மகத்தான ஓவியங்கள் வந்திருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. பீட்டர் புரூகல் 1565-லேயே பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களை வரைந்துவிட்டார், இன்றும் வியன்னாவில் அதன்முன் கூட்டம் நிற்கிறது. மோனேயின் காலத்திலேயே கூர்பே என்ற பிரெஞ்சு ஓவியர் பனிக்காட்டில் மான்களையும் வேட்டையையும் வரைந்தார். ஆனால் அவற்றில் பனி ஒரு நிகழ்ச்சிக்கான இடம். மோனேவிடம் அந்தப் பனிமேல் விழும் வெளிச்சமே நிகழ்ச்சி.

அதற்கு வெளியே போய் நிற்க வேண்டும், குளிரில். லு ஹாவ்ர் நகரத்துப் பத்திரிகையாளர் ஒருவர் 1868-ல் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. கல்லே பிளக்கும் குளிரில் முதலில் கண்ணில் பட்டது கால் சூடேற்றும் பெட்டி, அடுத்து ஓவியத்தைத் தாங்கி நிற்கும் ஒரு சட்டம், அதன் பின்னால் மூன்று மேல்கோட்டுகளைச் சுற்றிக்கொண்டு, கையுறையோடு, முகம் பாதி உறைந்த நிலையில் ஒரு மனிதர். பனியை வரைந்துகொண்டிருந்த மோனே. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்த தகர டியூப் மட்டும் வந்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது. அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்து, ஊசியால் குத்திப் பிதுக்கி எடுத்தார்கள். டியூப் வந்ததும் வண்ணக்கடையே சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. நீலங்களும் மலிந்தன. அல்ட்ராமரின் என்ற அடர்நீலம் முன்பு ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் கல்லை அரைத்துச் செய்தது, பொன் விலை. 1820-களின் கடைசியில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு காலத்தில் வெள்ளைத் துணிக்கு நாம் போட்ட நீலப் பொடி இருக்கிறதே, அதன் சாயமும் இந்தச் செயற்கை அல்ட்ராமரின்தான். பழுப்பேறிய வேட்டியில் கொஞ்சம் நீலம் சேர்ந்தால் மஞ்சள் அடங்கி வெண்மை கூடும் என்பது நம் வீட்டு வண்ணான்துறைக்கும் தெரிந்த வித்தை. வெள்ளைக்கு நீலம் தேவை என்பதை மோனே தூரிகையால் சொன்னார்.

இந்த ஓவியம் பிறந்த சூழலைத் தெரிந்துகொண்டால் படம் இன்னும் நெருங்கி வரும். 1868 கோடையில் மோனேயிடம் காசில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். மனைவியாகப்போகும் கமீயும் ஒரு வயதை எட்டாத மகன் ழானும் உடன் இருந்தார்கள். லு ஹாவ்ர் வணிகர் கோதிபேர் தன் குடும்பத்தினரின் உருவப்படங்களை வரையச் சொல்லிக் கைகொடுத்தார். அதனால் நார்மண்டிக் கடற்கரையில் எத்ரெத்தா ஊருக்குப் பக்கத்தில் அந்தக் குளிர்காலத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. அங்கிருந்து டிசம்பரில் நண்பர் பஸீய்க்கு எழுதிய கடிதத்தில், கோடையைவிடக் குளிர்காலத்தில் இந்தக் கிராமப்புறம் இன்னும் இனிமையாக இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். மாலையில் வீடு திரும்பினால் கணப்பும் குடும்பமும் காத்திருக்கும் நிம்மதியும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அவருக்கு அப்போது 28 வயது. படத்தில் உள்ள அமைதி எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும். அதைப் பெற்ற பஸீயும் ஓவியர்தான். இரண்டே வருடத்தில், 1870 நவம்பரில், பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் கொல்லப்பட்டார். 29 வயதுகூட நிறையவில்லை.

1869-ல் மோனே இந்த ஓவியத்தை சலோனுக்கு அனுப்பினார். சலோன் என்பது பாரீஸில் அரசு ஆதரவில் நடந்த பெரிய கண்காட்சி. அதில் இடம் கிடைத்தால்தான் வாங்குவோர் வருவார்கள், பெயர் வரும், அடுத்த வேலை வரும். நடுவர் குழு 'லா பீ'யை நிராகரித்தது. கறுத்த அடிப்பூச்சில் எழும் படங்களுக்குப் பழகிய கண்கள் அவை. இவ்வளவு வெளிறிய படம், தூரிகைத் தடம் அப்படியே தெரியும் பரப்பு, கதை ஏதும் சொல்லாத ஒரு வேலி, அதன் கீழே நீலத்தில் நிழல் — இதில் எதுவுமே அன்றைய வழக்கத்தோடு ஒட்டவில்லை.

'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயரே அப்போது இல்லை. அது வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. சலோன் வாசலில் காத்து நின்று சலித்துப்போன மோனே, பிஸாரோ, சிஸ்லி, ரெனுவார், டெகா, பெர்த் மொரிஸோ முதலானோர் 1874 ஏப்ரலில் தாங்களே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். இடம், புகைப்படக்காரர் நாதாரின் பழைய ஸ்டூடியோ. அங்கே மோனே வைத்திருந்த துறைமுகக் காட்சியின் தலைப்பு 'இம்ப்ரெஷன், சூரியோதயம்'. இம்ப்ரெஷன் என்றால் மனதில் பதிந்த முதல் பதிவு. லு ஷாரிவாரி பத்திரிகையில் லூயி லெருவா என்பவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேலி செய்து எழுத, பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தக் கதை பலருக்குத் தெரியும். அதே கட்டுரையில் ஒரு குளிர்காலப் படமும் அடிவாங்கியது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்தப் படத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு.

அது கமீய் பிஸாரோவின் 'உறைபனி', 1873-ல் வரைந்தது. ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே உறைபனி. உழுத வயல், நடுவே சரிந்து ஏறும் பாதை, முதுகில் சுள்ளிக்கட்டோடு நடக்கும் ஒரு மனிதர். வயலின் குறுக்கே நீள நீளமாக மரநிழல்கள் விழுந்திருக்கின்றன, ஆனால் அந்த மரங்கள் படத்தில் இல்லை. நமக்குப் பின்னால், சட்டத்துக்கு வெளியே எங்கோ நிற்கின்றன. லெருவா அதை அழுக்குக் கேன்வாஸின்மேல் வண்ணத்தட்டைச் சுரண்டி அப்பியது என்ற பொருளில் எழுதினார். புதிய ஓவியர்களை ஆதரித்த விமர்சகர் கஸ்தன்யாரிகூட, படத்தில் இல்லாத மரத்தின் நிழலை வரைந்தது பிழை என்றார். எனக்கோ அந்த நிழல்கள்தான் படத்தின் உயிர். அவை விழுந்திருப்பதால் நாமும் அந்த வயலின் விளிம்பில், அந்த மரங்களோடு மரமாக, முதுகில் வெயில் காய்ந்துகொண்டு நிற்பதாகத் தோன்றும். இங்கேயும் பாருங்கள், நிழல்களில் நீலமும் பச்சையும். வண்ணத்தைக் குழைத்து வழவழப்பாக்காமல் சின்னச் சின்னப் பொருக்குகளாக வைத்திருப்பதால், உழுத மண்ணின் சொரசொரப்பு கண்ணுக்கே தட்டுப்படுகிறது.

தூரிகைத் தடத்தை மறைக்காமல் விட்டது சோம்பலோ அவசரமோ அல்ல. பனியில் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நிழல் நகரும், கிளையில் இருக்கும் பனி வெயில் பட்டுச் சரியும். குழைத்து மெருகேற்ற உட்கார்ந்தால் தொடங்கிய காட்சி முடிவதற்குள் போய்விடும். அதனால் ஒவ்வொரு தடத்தையும் சரியான நிறத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். 'லா பீ'யில் வேலியின் தலைமேல் படிந்த பனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே வண்ணம் கெட்டியாக ஏறி நிற்கும், உண்மையான பனி அந்தக் குச்சிகளின்மேல் உட்கார்ந்திருப்பதைப் போலவே. கண்ணால் பார்த்தாலே விரலுக்கு அதன் கனம் தெரிகிறது.

அப்புறம் அந்தப் பறவை. 89 சென்டிமீட்டர் உயரமும் 130 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கேன்வாஸில் அது ஒரு சிறு கரும்புள்ளிதான். திரையில் அதைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். வெள்ளை எல்லாம் ஒரே மூச்சில் மங்கிவிடும், கண் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலையும். விரலை எடுத்ததும் வெளிச்சம் திரும்பிவரும். ஒரே ஒரு அடர்ந்த கறுப்பு இருப்பதால்தான் மற்றதெல்லாம் இவ்வளவு ஒளிர்கிறது. இன்னொன்றும் செய்கிறது அது. மேக்பை நின்ற இடத்தில் நெடுநேரம் நிற்காத பறவை. இப்போது உட்கார்ந்திருக்கிறது, இன்னும் ஒரு நொடியில் பறந்துவிடும், கட்டையிலிருந்து கொஞ்சம் பனி உதிரும். ஒரு கணம் என்பதை ஓவியத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்டால், இதைவிடச் சின்னதாக, இதைவிடச் சரியாக ஒரு விடை எனக்குத் தெரியாது.

சக ஓவியர்கள் எல்லோருக்கும் பனி இப்படிப் பிடித்துவிடவில்லை. ரெனுவார் அதை விரும்பி வரைந்தவரல்ல, வெயிலும் மனிதத் தோலும்தான் அவருக்கு உயிர். சிஸ்லி நேர்மாறு. பாரீஸுக்கு அருகே லூவ்சியேன், மார்லி பக்கத்துத் தெருக்களில் பனி பெய்து ஓய்ந்த அமைதியை அவரளவுக்கு வரைந்தவர்கள் குறைவு. ஒருவகைச் சாம்பல் நீலத்தை அவர் கையாளும் விதம், சத்தமே அடங்கிப்போன தெருவில் நடப்பது போலிருக்கும். 'லா பீ' பிடித்திருந்தால் அடுத்து சிஸ்லியிடம் போங்கள். மோனேயின் கணக்கு தனி, அவர் வாழ்நாளில் வரைந்த பனிக்காட்சிகள் சுமார் 140. பாரீஸுக்குப் பக்கத்து ஊரான அர்ஜான்தேயில் இருந்தபோது 1874-75 குளிர்காலத்தில் மட்டும் 18. 1890-91-ல் வைக்கோல்போர்களை வெவ்வேறு வேளைகளில் திரும்பத் திரும்ப வரைந்தாரே, அவற்றிலும் சில பனி போர்த்தவை.

'லா பீ' இன்று பாரீஸின் ஓர்ஸே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு அரசு அதை வாங்கியது 1984-ல், நடுவர்கள் திருப்பி அனுப்பி 115 வருடம் கழித்து.

மோனே பனியை விடவே இல்லை. 1895 தொடக்கத்தில், 54 வயதில், நார்வேக்குப் போனார். இன்றைய ஓஸ்லோவுக்கு அருகே சாந்த்விக்கா என்ற ஊரில் தங்கி, கோல்சோஸ் மலையைப் பத்துக்கும் மேற்பட்ட தடவை வரைந்தார். அந்த மலை தனக்கு ஜப்பானின் ஃபுஜியை நினைவூட்டுவதாகக் கடிதத்தில் எழுதினார். அவர் வீட்டுச் சுவர்களில் ஜப்பானிய அச்சோவியங்கள் நிறைந்திருந்தன, ஹிரோஷிகேயின் பனிக்காட்சிகளை அறிந்தவர் அவர். பனி பெய்துகொண்டிருக்கும்போதே வெளியே நின்று வரைந்ததையும் சொல்லியிருக்கிறார். உடம்பெல்லாம் வெள்ளையாகி, தாடியில் பனிக்கட்டி விழுதுகளாகத் தொங்க, முன்னே கேன்வாஸ். நார்மண்டியில் மூன்று கோட்டுகளுக்குள் நின்ற அதே மனிதர்தான், 27 குளிர்காலங்கள் கழித்து.